பதிவேட்டில் கண்ணகையின் வயது

படுவான்கரை,
14.10.2001

அன்புள்ள மகன் நல்லரத்தினத்துக்கு,

அந்தக் கனடாக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று தினமும் பேச்சியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் தங்கச்சி கண்ணகையும் உடம்புக்குச் சுகம், மனதுக்குத்தான் ஓரிடத்தில் இருப்பில்லை. இதை எழுத உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன், படலையில் சத்தம் கேட்டதென்று ஒருதரம், அடுப்பில் கறி என்று ஒருதரம், மூன்றாம் தரம் ஏன் எழும்பினேன் என்றே தெரியவில்லை. நெல் வாங்க வந்த ஓட்டமாவடி மஜீட் பின்னேரம் திரும்புகிறார், கொடுத்தால் பொலன்னறுவையில் தபாலில் போடுவார், அதற்குள் முடிக்க வேண்டும்.

ஊரில் சனம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இருபது வருடம் மருத்துவமாதாக இருக்கிற என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான், ஐந்து ஊரின் பிள்ளைப்பேறும் என் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைகளை நிறுக்கிற நாளில் பாலர் பாடசாலை முற்றம் கொள்ளாத கைக்குழந்தைகள், ஒரே அழுகை. கூட்டுறவுச் சங்கக் கடைப் பக்கம் போனால் என் வயதுக்காரரும் கிழவர்களும். பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் ஆளையே காணவில்லை, சிலர் உன்னைப் போல வெளிநாடு, சிலர் கொழும்பு, சிலர் மண்ணுக்குள், மற்றவர்கள் எங்கே என்று கேட்கக்கூடாது. மேலதிகாரி ஒருவர் என் கணக்கைப் பார்த்து, சண்டைக்குள்ளும் பிறப்பு கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஏன் கூடியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு இயக்கம் வருகிறது, கலியாணம் முடித்த பெட்டையை விட்டுவிடுவார்கள் என்று சனம் பதினைந்திலும் பதினாறிலும் கட்டிக்கொடுக்கிறது, அடுத்த வருடம் மடியில் பிள்ளை. நான் வேலைக்கு வந்த காலத்தில் முதற்பிள்ளைக்காரிக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். இந்த வருடம் வந்த முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் பதினெட்டைக் காணாதவர்கள். பின்வீட்டுப் புஸ்பம் முப்பத்துமூன்று வயதில் அம்மம்மா, அவளுக்கும் மகளுக்கும் ஒரே கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். இருபத்தைந்து வருடத்தில் வரவேண்டிய தலைமுறை பதினாறில் வந்துவிடுகிறது, ஊர் பெருத்தது போலத் தெரிகிறது, பிள்ளை வளர்க்கிறதும் பிள்ளைகள்தான்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். தாய்மார் வந்து, "அக்கா, பதினெட்டு எண்டு போடுங்க, மறுகா பொலிஸ் கேஸ் எண்டு வந்தா நாங்க என்ன செய்யிற" என்று கையைப் பிடித்து அழ, நானும் கிளினிக் அட்டையிலும் பதிவேட்டிலும் அப்படியே போட்டேன். ஒரே வயதில் இத்தனை பேர் எப்படி என்று அந்த அதிகாரி கேட்டிருந்தால் என் களவு அன்றே பிடிபட்டிருக்கும். புரட்டாதியில் அந்தப் "பதினெட்டு" வயதுக்காரி ஒருத்தி, உண்மையில் பதினாறு, தோணியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் என் மடியிலேயே போய்விட்டாள்.

இனித்தான் விஷயம். போன வெள்ளி உன் மாமா வினாயகமூர்த்தி ஒரு கலியாணப் பேச்சோடு வந்தார். நம் கண்ணகைக்கு ஆவணியில் பதினாறு முடிந்தது உனக்குத் தெரியும். "அக்கா, சோதனய மறுகாலும் எழுதலாம், புள்ளயக் கொண்டு போனா ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்றார். மாப்பிள்ளை சங்கக் கடை மனேஜர், இருபத்தெட்டு வயது, குடிவெறிப் பழக்கம் இல்லை, பழுது சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். முந்தினநாள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பெட்டைகளை இயக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தப் பயத்தில் ஓம் என்றுவிட்டேன். எத்தனை வீடுகளில் வேண்டாம் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். கண்ணகை அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அம்மா, என்ட கிளினிக் காட்டில எத்தின வயசு போடுவீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

டவுனில் சிஸ்டர்மாரின் விடுதியில் அவளுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன், மார்கழிச் சோதனையை அங்கிருந்து எழுதலாம். ஆனால் கொடுத்த வாக்கை நானே மாற்றினால் மாமா இனி இந்தப் படி மிதிக்கமாட்டார். அப்பாவும் இல்லை, மூத்த ஆண்பிள்ளை நீ வேண்டாம் என்றால் அவர் மறுத்துப் பேசமுடியாது. கார்த்திகை பிறந்ததும் நாள் வைக்க வருகிறார்கள். விடுதிக்குப் போகிற வழியில் அவளுக்கு ஏதும் நடந்தால் அந்தப் பழி எனக்கு, ஒருநாளும் உன்மேல் போடமாட்டேன். தாய்க்குத் துணிவில்லாமல் மகனிடம் கேட்கிறாள் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, உண்மையும் அதுதான்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடு வாழ வேண்டும், தலைக்குத் தொப்பி போடாமல் பனியில் திரியாதே. மஜீட் வீட்டு போன் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது, ஞாயிறுகளில் அங்கே போய்க் காத்திருப்பேன், மாமாவையும் கூட்டிவருவேன். எடுத்த உடனே வேண்டாம் என்று சொல், சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னப்பூரணி