விழுந்தாரா, குதித்தாரா?

என்னங்க,

இந்த ஒரு சொல்லைத் தவிர உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் பட்டாளத்தில் இருந்த காலத்தில் இன்லேண்டு கடிதத்திலும் இதைத்தான் எழுதுவேன். "எல்லாப் பொம்பளைங்களும் இப்படியேதான் எழுதறீங்க. ஒருநாள் வேற ஒருத்தன் பொண்டாட்டி கடுதாசிய முழுசாப் படிச்சிட்டேன், கடைசியிலதான் தெரிஞ்சுது" என்று லீவில் வந்து சிரித்தீர்கள். இப்போது எழுத விலாசம் கிடையாது. உங்கள் சிநேகிதர் காதர் அண்ணன், முன்னாள் ராணுவத்தார் கொண்டுவரும் மலரில் இதைப் போடலாம் என்கிறார். போடட்டும். ஊர்க்காரர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. செவலைப் பசு கன்று போட்டுவிட்டது, கிடேரி. புளி உலுக்கி முடிந்தது. ஆள் விட்டுத்தான் உலுக்கினோம், நான் தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. நம் பெண் வசந்தி டைப்ரைட்டிங்கில் லோயர் தேறிவிட்டாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மாசியில் அந்த மரத்தடியில் உங்களைப் பிணமாகப் பார்த்தேன். இப்போது சித்திரை. இன்னும் காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி எதுவும் நடக்காததுபோல் இருக்கிறது. அப்புறம் ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் எழுத உட்கார்ந்தது அழுவதற்காக இல்லை. நீங்கள் போன அன்றே ஒரு கேள்வி நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. விழுந்தாரா, குதித்தாரா? இப்படி ஒன்றை உங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தக் கேள்வி வந்ததற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வங்காளச் சண்டையில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதித்தவர் என்று ஊருக்கே உங்களைத் தெரியும். அது உத்தியோகம். சர்க்கார் சொன்னது, நீங்கள் செய்தீர்கள். பென்ஷன் வாங்கி வந்த பிறகு கேழ்வரகு உண்டு, புளி உண்டு என்று இருந்த மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு "காதரோட பெங்களூர் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினீர்கள். தர்மபுரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவருக்குப் பெங்களூரில் சாமான் வாங்க வேலை இருக்கும், துணைக்குப் போகிறீர்கள் என்று நான் நினைத்தேன். பழைய பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் அங்கே கூடி, ஒரு விமான மைதானத்தில் பொழுதுபோக்காக வானத்திலிருந்து குதிக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று மத்தியானம் ரைஸ் மில்லுக்கு டிரங்க் கால் வந்தது. "மாப்ள நல்லபடியா குதிச்சிட்டாருன்னு வூட்டுல சொல்லிடுங்க" என்று காதர் அண்ணன் சந்தோஷத்தில் கத்தியிருக்கிறார். லைன் கரகரத்ததில் 'நல்லபடியா' காணாமல் போய்விட்டது. மில்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றார்.

"மனசத் தேத்திக்கம்மா. உங்க வூட்டுக்காரரு பெங்களூர்ல குதிச்சிட்டாராம்."

நம் பக்கத்தில் ஒரு ஆள் குதித்துவிட்டார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிணறு. பெங்களூரில் ஏது கிணறு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மண்ணில் புரண்டு அழுதேன். பொம்பளைகள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். உங்கள் பெரியப்பா மகன் பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பிவிட்டார். சாயங்கால பஸ்ஸில் நீங்கள் திராட்சைப் பையோடு வந்து இறங்கினீர்கள். வாசல் நிறையக் கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மரியாதையாகத் தணிந்த குரலில் கேட்டீர்கள்.

"யாரு தவறிட்டாங்க?"

"நீங்கதான்" என்றேன். அத்தனை பேர் முன்னாலும் இரண்டு கையாலும் உங்கள் நெஞ்சில் அடித்தேன். திராட்சை சிதறி, ஒப்பாரி வைத்தவர்களின் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள்.

"எதுக்குங்க? யாரு உங்கள அங்க ஏறிக் குதிக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சும்மாதான்."

சும்மா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சும்மா வெற்றிலை போடுவார்கள், சும்மா சந்தைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் சும்மா மூவாயிரம் அடியிலிருந்து குதிப்பானா? அதற்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு வெள்ளைச் சட்டை. 'குதிக்கிற மிலிட்டரி வூடு' என்று நம் வீட்டுக்கே பெயர் வந்துவிட்டது. ஒருமுறை வந்து பார் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டீர்கள். என்னால் முடியாது, கண்ணை இருட்டிக்கொண்டு வரும் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் இந்த மாசி வந்தது. நீங்கள் புளிய மரத்தின் மேலே நின்று உலுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கூழ் கொண்டுவர வீட்டுக்கு வந்தேன். பொறுக்க வந்த பொம்பளைகள் அடுத்த மரத்தடியில் இருந்தார்கள். தொப்பென்று சத்தம் கேட்டதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள், யாரும் பார்க்கவில்லை. கூழ்ச்சட்டியோடு நான் திரும்பி வந்தபோது நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள், தலைக்கடியில் ரத்தம். விமானத்திலிருந்து குதித்துவிட்டுத் திராட்சை வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன், நம் தோட்டத்து மரத்தடியில் இப்படிக் கிடப்பார் என்று எந்தப் பெண்டாட்டி எதிர்பார்ப்பாள்?

விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் நல்ல மாதிரிதான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுத வேண்டியிருக்கிறதே என்ற சங்கடத்தோடு கேட்டார். "மரத்துலேர்ந்து வுழுந்தாரா, குதிச்சாராம்மா?"

அவரே அதைத் தவறி விழுந்ததாக நல்லபடியாக எழுதி முடித்துக்கொண்டார். ஊர் முடித்துக்கொள்ளவில்லை. புளியங்கொம்பு எங்கேயாவது ஒடியுமா, வானத்துலேர்ந்து குதிச்சவருக்கு மரத்துல கை வழுக்குமா, மனசுல என்ன இருந்துச்சோ என்று குழாயடியில் பேசினார்கள். நான் குடத்தோடு போனால் நிறுத்திக்கொள்வார்கள்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி எது தெரியுமா? அந்தப் பேச்சு இல்லை. அதைக் கேட்டு என் மனசே கணக்குப் பார்க்க ஆரம்பித்ததுதான். முந்தின நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லையே, ஏன்? வாசலில் உட்கார்ந்து வத்தல்மலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, எதை நினைத்து? பல்வலி என்றீர்கள். நிஜமாகவே பல்வலிதானா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் உங்கள் பல்வலியைச் சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. எதற்காக அழுவது என்று தெரிந்தால்தானே அழ முடியும்?

அரூர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் பையனுக்கு வசந்தியைப் பேசி முடித்துவிட்டுத்தானே போனீர்கள். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் பையனின் அப்பா அம்மா துக்கம் கேட்க வந்தார்கள். காதர் அண்ணனும் அன்று வந்திருந்தார். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காப்பி குடித்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கூர் வரைக்கும் ஒரு பேச்சு வந்திருக்குது. குதிச்சவரு வூட்டுப் பொண்ணுன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாருங்க. நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. வுழுந்தாருங்களா, இல்ல…"

அவர் மேலே தப்பில்லை. பெற்றவள் கேட்பாள். விழுந்தார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண்ணின் வாழ்க்கை நிலைத்துவிடும். எப்படிச் சொல்வேன்? நான் பார்க்கவில்லையே! காதர் அண்ணன் எழுந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் வசந்தி உள்ளேயிருந்து வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே வெளியே போனாள்.

காப்பி டம்ளர் எடுக்க வந்தவள் கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கிணற்றடி மோட்டார் ரூம் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். கூரையின் விளிம்புக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவும் போய், இப்போது இவளுமா?

"வசந்தீ! எறங்குடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எனக்குப் பின்னால் சம்பந்தியம்மா "ஐயோ, புடிங்க, புடிங்க" என்று ஓடிவந்தார்.

குதித்துவிட்டாள்.

இரண்டு காலும் ஒட்டினாற்போல் மண்ணில் பட்டன. முட்டி மடங்கியது, மோவாய் நெஞ்சோடு சேர்ந்திருந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து தோள்வரைக்கும் ஒரு உருளல் உருண்டு எழுந்து நின்றுவிட்டாள். கை முழுக்கச் செம்மண். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"இதுக்குப் பேருதாங்க குதிக்கிறது. எங்கப்பா எனக்கு இப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. அவரு குதிச்சிருந்தா இந்த மாதிரி எழுந்து வந்திருப்பாரு. அவரு நின்ன கொம்பு இந்த ரூமை விடக் கொஞ்சந்தான் ஒசரம். அவரு மல்லாக்கக் கெடந்தாரு, தலையில அடி. கால்ல ஒரு சிராய்ப்புகூட இல்ல, குளிப்பாட்டுனப்ப எல்லாரும்தான் பாத்தாங்க. எங்கப்பா குதிக்கல. அவரு வுழுந்துட்டாரு."

எனக்குத் தெரியாமல் என் பெண்ணுக்கு எப்போது இதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்? நான் சந்தைக்குப் போகும் நாளிலா? வயசுப் பெண்ணை மோட்டார் ரூம் மேலேயிருந்து உருட்டி விட்டிருக்கிறீர்கள், அப்பனும் மகளும் வாயைத் திறக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது.

காதர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "சத்தியமான பேச்சு. பத்தடி ஒசரமெல்லாம் மாப்ளைக்கு ஒரு ஒசரமா? குதிச்சாக் காலுதான் மொதல்ல கீழ வரும், எங்களுக்கு அது ஒடம்புலயே ஊறிப்போயிருக்கு" என்றார். சம்பந்தியம்மா மெல்ல நடந்து போய், வசந்தியின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அடி கிடி பட்டுச்சா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

"சரி, உள்ள போ. இனிமே எங்கூர்ல யாராவது பேசுனா நான் பாத்துக்கறேன்." என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் வளத்து வெச்சிருக்கீங்க" என்றார். பாராட்டினாரா, குத்திக்காட்டினாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நான் அந்த மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அன்றுதான் அழுதேன். கை வழுக்கித்தான் விழுந்தீர்கள், எங்களை விட்டுப் போக நினைக்கவில்லை. அது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, துக்கம்தான் வந்தது. இத்தனை நாளும் அது வழி தெரியாமல் வெளியே நின்றிருந்தது. இப்போது உள்ளே வந்து இருக்கிறது, முழுசாக இருக்கிறது.

அன்று காதர் அண்ணன் புறப்படும்போது கேட்டேன், அவர் எதற்கு அண்ணா அங்கே வந்து குதித்தார் என்று. அவர் சிரித்தார்.

"எல்லா வாட்டியும் எங்க குதிச்சாரு, தங்கச்சி? பாதி நாளு பிளேன்ல ஏறுவாரு, கதவாண்ட போயி நிப்பாரு, கீழ பாப்பாரு. 'இன்னிக்கு வேணாம்பா'ன்னு திரும்பி வந்து உக்காந்துக்குவாரு. அன்னிக்குத்தான் அவருக்கு ஒரே சிரிப்பு. பட்டாளத்துல அந்தக் கதவாண்ட நின்னுட்டு வேணாம்னு சொல்ல முடியாதில்ல? பின்னாடியே ஒரு கை இருக்கும், தள்ளி வுட்டுரும். இங்க தள்ள யாரும் இல்ல. வேணும்னாக் குதிக்கலாம், வேணாம்னா வூட்டுக்குப் போவலாம்."

குதிக்காமல் திரும்பி வந்த நாட்களிலும் திராட்சை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் எல்லா நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வைகாசியில் ஒரு ஞாயிறு அவர்கள் மறுபடியும் குதிக்கிறார்கள், உங்கள் நினைவாக. எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வசந்தி வருகிறாள். கேட்டால் சிரிப்பீர்கள், சம்பந்தியம்மாவும் வருகிறாராம். தொப்பூர் வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன், பெங்களூர் பார்த்ததில்லை என்று சாக்குச் சொல்கிறார். நானும் போகிறேன். நீங்கள் மரத்திலிருந்து விழுந்தபோது பார்க்க நான் அங்கே இல்லை. அந்த மைதானத்தில் மேலேயிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, அவர் கால் மண்ணில் படுகிறவரைக்கும் நான் கண்ணை மூடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
வசந்தியின் அம்மா