இரண்டே சீற் உள்ள கார்

யேசு மரி சூசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்புள்ள மகள் றொசாந்திக்கு,

மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர. அது இப்போது தன் விருப்பத்துக்குத்தான் நடக்கிறது. நீயும் மருமகன் லெனாட்டும் அங்கே சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இதை எழுதும்போதே பேனை ஒருமுறை நின்றுவிட்டது பிள்ளை. லெனாட் எங்களோடு கதைத்து மாதக்கணக்காகிறது. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்கத்தான் இந்தக் கடிதம், ஆனால் நேரே கேட்க எனக்குத் தைரியம் இல்லாதபடியால் முதலில் காரைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தச் சிவப்புக் காரின் பெயர் போர்ஷ என்று நீ சொன்னாய், நான் அதை வாயில் வைத்துப் பழகிக்கொண்டு திரிகிறேன், அம்மா இன்னும் "உந்தச் சிவப்புச் சாமான்" என்றுதான் சொல்லுறா. நீ அனுப்பிய வீடியோவைச் சம்பந்தி செபநாயகத்துக்குக் காட்டினேன். தன் மகன் வீட்டுக் கார் என்றால் அவருக்கும் ஆசை இருக்கும்தானே, அதோடு மினிபஸ் ஓடிக் களைத்த மனிசன், எனக்கு விளங்காதது அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். நீ முன் மூடியைத் திறக்கிறாய், உள்ளே ஒரு பெட்டி மாதிரிக் கிடக்கிறது. பின் மூடியைத் திறக்கிறாய், அங்கேயும் சாமான் வைக்கிற பள்ளம்தான். செபநாயகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சம்பந்தி, வெள்ளைக்காரன் பிள்ளையளை நல்லா ஏமாத்திப் போட்டான், எஞ்சினைக் காணேல்லை" என்றார். அப்போது அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, பிள்ளை தொண்டையாலேயோ போடுகிறாள் என்று கேட்டேன். அவர் அடுத்த வெற்றிலையை மடித்தார். எஞ்சின் நடுவில், உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று நீ பிறகு சொன்னாய். கடலுக்குப் போகிறவனுக்கு எஞ்சின் பின்னால் இருப்பது புதிதில்லை, ஆனால் அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. என் படகு எஞ்சின் பதினைந்து குதிரை, உன்னுடையது முந்நூறு என்கிறாய். கடைக்குப் பால் வாங்கப் போகும்போதும் முந்நூறும் வருமோ, இல்லை கொஞ்சத்தை வீட்டில் கட்டிவிட்டுப் போகலாமோ? சிரிக்காதே, எட்டாம் வகுப்போடு நின்றவன் இப்படித்தான் கேட்பான். பெரிய ரோட்டில் வேகம் காட்டுகிற முள்ளு இருநூறைத் தாண்டின இடத்தில் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு "முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. நான் பண்ணை வீதியில் மோட்டார் சைக்கிளில் போனால் மாடு என்னை முந்திக்கொண்டு போகும், அந்த வம்சத்தில் நீ எப்படிப் பிறந்தாய் என்று தெரியவில்லை. வேகம் பிடிக்குதோ என்று நான் கேட்டதற்கு நீ, "ஓடேக்கைதான் அப்பா தலைக்குள்ளை சத்தம் அடங்குது" என்றாய். எஞ்சின் அவ்வளவு கத்த, தலைக்குள் எப்படிச் சத்தம் அடங்கும் என்று அன்றைக்குப் பகிடிதான் பண்ணினேன்.

போன் ஏன் வேலை செய்யவில்லை என்று நீ யோசித்திருப்பாய். அது என் கெட்டித்தனம். இங்கே புது எஞ்சின் எடுத்தால் கோயிலடிக்குக் கொண்டுபோய் மந்திரித்துத்தானே கடலில் இறக்குவோம். காரைக் கொண்டுவர வழியில்லை, படத்தையாவது மந்திரிப்போம் என்று இன்றைக்குப் பூசை முடிய போனைப் பங்குச் சுவாமியிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு விரலால் தீர்த்தத்தில் ஒரு துளி தெளித்தார். "முந்நூறு குதிரை சுவாமி, உது காணாது, எஞ்சினுக்குத் தெளிக்கிற மாதிரித் தெளியுங்கோ" என்று நான்தான் சொன்னேன். இப்போது போன் அரிசி வாளிக்குள் கிடக்கிறது.

தெளிக்க முதல், படகில் போகிறவர்களின் பெயரைக் கேட்கிற மாதிரி, "ஆற்றை ஆற்றை பேரைச் சொல்ல?" என்று சுவாமி கேட்டார். நான் றொசாந்தி, லெனாட் என்றேன். இரண்டு சீற், இரண்டு பெயர், இந்தக் காரில் எனக்கு விளங்கின ஒரே கணக்கு அதுதான். அம்மா பக்கத்தில் நின்று, "சுவாமி, பிள்ளையின்ரை பேரை மட்டும் சொல்லுங்கோ" என்றா. சுவாமி எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு உன் பெயரைத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னனீர் என்று அம்மாவைக் கேட்டேன். "பெரிய வெள்ளிக்குப் பிறகு லெனாட்டின்ரை குரலைக் கேட்டனீங்களோ? வீடியோவிலை அவளுக்குப் பக்கத்துச் சீற்றைப் பாத்தனீங்களோ, கைப்பை மட்டும் கிடக்கு. போனையும் எங்கையோ கொழுவி வைச்செல்லோ எடுத்திருக்கிறாள்" என்றா. நான் எத்தனை தரம் பார்த்தேன் பிள்ளை, எஞ்சினைத் தேடினேனே தவிர ஆளைத் தேடவில்லை.

ஆகவே கேட்கிறேன். லெனாட் வீட்டில் இருக்கிறானோ? இருந்தால், வேலைக் களைப்பில்தான் கதைக்கவில்லை என்றால், இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை வைத்துச் சிரியுங்கள், எனக்கு அது பழக்கம். இல்லையென்றால் இல்லையென்று எழுது. ஆர் பிழை, எவர் பிழை என்று நான் கேட்கமாட்டேன், கேட்டாலும் கார் மாதிரித்தான், எனக்கு அரைவாசிதான் விளங்கும். உனக்கு அடி உதை ஏதும் நடந்ததோ என்பதை மட்டும் மறைக்காதே. அம்மா கோபமாக இல்லை, உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்கிறா, ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

செபநாயகம் நேற்றும் மீன் வாங்க வந்த இடத்தில் நாலு பேருக்கு முன்னால் "எங்கடை பெடியன்ரை காரைக் கண்டனீங்களோ" என்று கேட்டார். அவரும் மகன் தன்னோடு நீட்டிக் கதைப்பதில்லை என்று முன்பொருநாள் சொன்னவர், ஒன்றும் அறியாத மனிசன். கோயிலில், சந்தையில், ஒரே ஒழுங்கையில் தினமும் முகம் பார்க்கிற சனம் நாங்கள், அவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் நீ எங்களுக்கும் சொல்லாமல் இருக்கிறாயோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்தப் பாரத்தை இறக்கி வை. நீ சம்பந்தி வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம். நான் சட்டை போட்டுக்கொண்டு போய், அவர் முற்றத்தில் இருந்து, என் வாயால் சொல்லுவேன். ஏசினால் கேட்டுக்கொண்டு இருப்பேன். அதற்குத்தானே தகப்பன் என்று ஒருத்தன் இருக்கிறது.

தூரத்தில் இருந்தாலும் உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறேன். மாதா உன்னைக் கைவிடமாட்டா. நேரத்துக்குச் சாப்பிடு, பெல்ற்றைப் போடு. மெதுவாக ஓடு என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறா, எழுதிவிட்டேன். பதிலை மட்டும் மெதுவாக அனுப்பாதே.

என்றும் உன் அன்பு அப்பா,
சூ. யாகோப்பு