எதைக் கேட்டாலும் மூன்று பெயர்

கண்டரமாணிக்கம்,
ஞாயிறு காலை.

தம்பி முத்துவேலுக்கு அக்கா சண்முகப்ரியா எழுதுவது. டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. சமையலறைச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்குகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறோம். போனில் பேசினால் நீ இடையில் புகுந்து விளக்கம் சொல்வாய், நானும் சரி சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ரேணுகாவுக்குப் போன வாரம் காரைக்குடியில் பிரசவம். பெண் குழந்தை. அதன்பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும், கையிருப்பு போதாது என்றார்களாம். அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரன் எனக்குத்தான் போன் போட்டார். "ஊர் ஊராப் போயி ஆளுகளப் பதிஞ்சீகளேக்கா, அதுல பாத்துச் சொல்லுங்க" என்று அழுதார்.

நீ விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்து, நீ செய்துகொடுத்த ரத்ததானப் பக்கத்தில் தேடினேன். மூன்று பெயர் வந்தது. மூன்று எண்ணுமே உபயோகத்தில் இல்லை. அவசரத்தில் பி பாசிட்டிவை அழுத்திவிட்டேன். அதே மூன்று பெயர். எதை அழுத்தினாலும் அந்த மூன்று பேர்தான்.

நல்லவேளையாகத் திருக்கோஷ்டியூர் அழகுராஜா நினைவுக்கு வந்தார். என் ரத்தம் லேசில் கிடைக்காது என்று பதியும்போது பெருமையாகச் சொன்னவர். ஆட்டோ பிடித்துப் போய், கடைவீதியில் விசாரித்து, அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தபோது ஆபரேஷன் தொடங்கியிருந்தது. ரேணுகா பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தாமதத்தால்தானா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

மறுநாள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் நித்யஸ்ரீயிடம் லேப்டாப்பைக் காட்டினேன். "பதியிறத வாங்கிச் சேத்து வைக்கிற சர்வரே இதுக்குப் பின்னால இல்லக்கா. சர்வர் இருந்தா பக்கம் எப்படித் தெரியும்னு பிரவுசர்ல பாத்துக்கிற ஏற்பாடு. வேலை செய்யிறவுக எல்லாரும் மொதல்ல இப்படித்தான் பாத்துக்குவாக. பேரும் மாதிரிக்குப் போட்டதுதான்" என்றாள். நான் பதிந்தது எங்கே என்று கேட்டேன். எங்குமே போகவில்லை என்றாள்.

அப்படிப் பார்த்துக்கொள்வது தப்பில்லை, முத்துவேல். பார்த்துக்கொள்வதற்கான ஒன்றைத் தொடக்க விழா மேடையில் வைத்து, எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னாயே, அது என்ன? பேப்பரில் ஒரு நகல் எழுதிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டபோது, "இந்தக் காலத்துல பேப்பர் எதுக்குக்கா" என்று சிரித்தாய். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிங்கம்புணரி வரை வெயிலில் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் 'பதிவாகிவிட்டது' என்று பச்சை எழுத்தில் வரும்போது உன்னை நினைத்துப் பூரித்தேன்.

அன்றைக்குப் போனில் நீயே சொன்னாய், வேலைக்கு நேர்முகத் தேர்வில் அந்த விழா வீடியோவைத்தான் காட்டினாயாம். அதில் குத்துவிளக்கு ஏற்றுகிறவள் நான். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் ஏற்றியிருப்பேனே. எனக்கு ஏனடா சொல்லவில்லை?

இப்போது மறுபடியும் வீடு வீடாகப் போகிறேன். பதிந்தது எதுவும் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நம்பர் கேட்கிறேன். சிலர் தருகிறார்கள். சொர்ணவல்லி மதினி, "ஒந்தம்பி நல்லாத்தான் படம் காட்டிட்டுப் போனான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஈஸ்வரன் தெருவில் என்னைப் பார்த்தால் அங்குட்டுத் திரும்பிக்கொள்கிறார்.

ரேணுகாவுக்கு நீயே போன் செய். டெமோ, அது இது என்று அவளிடம் பேசாதே. நடந்ததை நடந்தபடி சொல். திட்டினால் கேட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதினால் இனிமேல் அதை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே நன்றாக இரு.

உன் அக்கா,
சண்முகப்ரியா