நான் அனுப்பாமல் வைத்திருந்த ஃபைல்

சரவணம்பட்டி, கோவை
25 ஜூன், வியாழன் மதியம்

என் கண்ணு லோகுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி மிதுன், நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். புனே மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ இடையில் பேசுவாய், எனக்குக் குரல் உடையும், அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுவேன், போன ஞாயிற்றுக்கிழமை வைத்த மாதிரி. அன்றைக்கு அடுப்பில் பால் இல்லை.

நீ உன் சர்டிபிகேட் ஃபைலை அனுப்பச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கூரியர் கடை பூட்டியிருக்கிறது என்றேன், மிதுனுக்குக் காய்ச்சல் என்றேன், அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு அன்னூர் போய்விட்டார் என்றேன். எல்லாம் பொய். கூரியர் கடை நம் வீட்டிலிருந்து நாலாவது கட்டடம், மிதுனுக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை. ஃபைல் என் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்தது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். உன் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., நாலு வருடம் படித்து வாங்கின பி.எஸ்ஸி. ஹானர்ஸ் பட்டத்தின் புரொவிஷனல், எல்லாம். திங்கட்கிழமை அந்தக் கோச்சிங் சென்டரில் இதையெல்லாம் ஒரிஜினலாக ஒப்படைத்தால்தான் வேலை, இரண்டு வருடம் பாண்டு, அது முடிந்துதான் திருப்பித் தருவார்கள் என்று நீ சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜூலை இருபதாம் தேதி உனக்கு இடம் கிடைத்த அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. சேர்ந்த படிப்புக்கு இதே ஒரிஜினல்களைத்தானே நீ மேஜைமேல் வைக்க வேண்டும்? ரெண்டு வருஷம் தள்ளி வெச்சுக்கலாம்மா என்றாய். தள்ளி வைக்க விடுவார்களா என்று யாரிடமாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது என் காதிலேயே இருக்கிறது. "எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பி.எட்.னு அத்தனை படிச்சு நீங்க என்னத்தைங்கம்மா கண்டீங்க? அப்பா லேத்துப் பட்டறையில ஒரு ஆளுக்குக் குடுக்கற சம்பளம்தானுங்களே உங்களுக்கும்?" என்றாய். நீ கேட்டதில் தப்பு இல்லை. பதில் சொல்லாமல் போனை வைத்ததுதான் தப்பு. இப்போது சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம், நீ வயிற்றில் இருக்கும்போதுதான் பி.எஸ்ஸி. கடைசி வருடப் பரீட்சை எழுதினேன், பெஞ்சு இடிக்கிறது என்று மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தன் நாற்காலியை எனக்குத் தந்தார். அப்படிப் படித்துத்தான் எம்.ஃபில். வரை முடித்தேன். 2010இல் இந்தத் தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரிஜினல் எல்லாவற்றையும் ஆபீஸில் கொடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ரசீதுகூடக் கேட்கவில்லை, கேட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தேன். அப்பாவிடம் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்றேன், அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. நீ ஆறாம் வகுப்புக்குப் போகும் முன்னால் நான் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பரீட்சை எழுதினேன், உனக்கு ஞாபகம் இருக்கும், முட்டிக்குமேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உனக்குத் தலை பின்னிவிடுவேன். தேறவில்லை என்று வீட்டில் சொன்னேன். தேறியிருந்தேன், லோகு. சான்றிதழ் சரிபார்க்க ஒன்பதே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் போய்க் கேட்டேன், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, அது முடிந்தால்தான் தருவோம் என்றார்கள். நடந்து நடந்து பார்த்தேன், ஒன்பது நாளும் முடிந்துவிட்டது. பட்டம் இருந்தது, பாஸானேன், காகிதம் மட்டும் என் கையில் இல்லை. இதைப் பதினோரு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதனால் படித்து என்ன கண்டீர்கள் என்றால், காண வேண்டியது வாசல்வரை வந்தது, நான்தான் கையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பெரிய பட்டம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். நான் வாங்கின எம்.ஃபில்.லை இன்றைக்கு நிறுத்தியே விட்டார்கள். பிஎச்.டி. இல்லாத எங்களை இந்த வருடத்திலிருந்து டியூட்டர் என்று பதவியைக் குறைத்துத் தனிப் பட்டியலில் போடப்போகிறார்களாம், போன வாரம் சுற்றறிக்கை வந்தது. என் பக்கத்து மேஜையில் இருந்த பொற்கொடி எட்டு வருடம் கஷ்டப்பட்டு பிஎச்.டி. முடித்தாள், முடித்த பிறகும் இரண்டு வருடம் என் சம்பளம்தான் வாங்கினாள். ஆனால் அரசுக் கல்லூரியில் கூப்பிட்டதும் ஒரே வாரத்தில் போய்விட்டாள். அவள் ஒரிஜினலைக் கொடுக்கவே இல்லை. யூனிவர்சிட்டியில் சரிபார்ப்புக்குப் போயிருக்கிறது, வந்ததும் தருகிறேன் என்று இருந்த நாள் முழுக்க ஒன்றும் தெரியாத முகத்தோடு சொல்லியிருக்கிறாள். போகிற அன்றைக்கு என்னிடம், "அக்கா, அது எங்க ஊட்டு அரிசி டிரம்முக்குள்ள இருந்துதுங்க" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு பாத்ரூமில் போய் அழுதேன்.

எனக்கு இப்போது ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரிஜினல் காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் சூப்பிரண்டு பாலுசாமியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. பீரோவைத் திறந்தார், ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு கட்டு, நாடா போட்டுக் கட்டியிருக்கிறது. என் கவரை எடுத்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே காட்டினார், திரும்ப உள்ளே வைத்தார். "ஏனுங்க மேடம், இப்ப என்னத்துக்குங்க இது? இங்கயே இருக்கட்டுங்க, உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் இதையேதான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? என்ன அவசரம் கண்ணு, இங்கேயே இருக்கட்டும், உன் நல்லதுக்குத்தானே சொல்கிறேன் என்று. அவர் கல்லூரி பீரோவில் பூட்டினார், நான் வீட்டு பீரோவில் பூட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. ஃபைல் பஸ்ஸில் தொலைந்துபோய்விட்டது என்று உன்னிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்குவதற்குள் அந்தக் கோச்சிங் சென்டர்காரன் வேறு ஆளைப் போட்டுக்கொள்வான், இரண்டு வாரம் கழித்து பீரோ இடுக்கில் கிடைத்தது என்று எடுத்துத் தரலாம், நீ ஜூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாய் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பெற்றவள் செய்கிற வேலையா இது? பயத்தில் மனது எங்கெங்கேயோ போகிறது.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளம் வருதுன்னா போகட்டும் உடு, படிப்பைப் பொறவு பாத்துக்கலாம் என்று உன் விஷயத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ஏன் அம்மணி, அப்ப நீ பாசா?" என்று மட்டும் கேட்டார். ஆமாங்க என்றேன். இன்றைக்குக் காலையில் பட்டறைக்குப் போகும் முன்னால் அவரே உன் ஃபைலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இந்தக் கடிதத்தை வைக்க ஓரத்தில் மட்டும் இடம் விட்டுவிட்டுப் போனார்.

அதனால் அனுப்புகிறேன். ஒரு தாள்கூட நிறுத்தி வைக்கவில்லை. உன்னுடையது உன் கையில் இருக்கட்டும், அதை வைத்து என்ன செய்வது என்பதும் உன்னுடையதே. ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன் கண்ணு, ஜெராக்ஸ் எடுத்துக் கெசட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி அதைக் கொடு, ஒரிஜினலைக் காட்டு, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள். ஒப்படைத்தால்தான் வேலை என்று அவர்கள் சொன்னால் அந்த வேலை உன்னை நம்பித் தருகிற வேலை இல்லை. அவர்கள் தருகிற சம்பளம் என் பிரின்சிபாலுக்குக்கூடக் கிடையாது, தெரியும், இருபத்திரண்டு வயதில் யாருக்கும் கை நீளும். நீ மேலே படித்துத்தான் ஆக வேண்டும் என்றுகூட இப்போது நான் கேட்கவில்லை. பிடிக்காவிட்டால் விடு, டியூஷன் எடு, அப்பாவோடு லேத்தில் நில். விடுவதாக இருந்தால் நீ விட வேண்டும், பூட்டு போட்டு யாரோ உன்னை விட வைக்கக் கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

பார்சல் சனிக்கிழமை வரும். ஹாஸ்டல் ஆபீஸில் வாங்கி வைக்கச் சொல்லாதே, நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு, பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார். மழைக்கோட்டை மறக்காதே, வெறும் டீயைக் குடித்துவிட்டு வெளியே கிளம்பாதே. காரமடை ரங்கநாதர் உனக்குத் தைரியத்தையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். திங்கட்கிழமை பத்து மணிக்கு நீ அந்த ஆபீஸுக்குள் போகிற நேரத்தில் நான் நோட்டீஸ் எழுதி எடுத்துக்கொண்டு பாலுசாமியின் ஜன்னல் முன்னால் நிற்பேன். எனக்குத் திருப்பித் தர மூன்று மாதம் ஆகுமோ, இன்னும் என்ன சொல்வார்களோ தெரியாது. நீ கொடுக்காமல் வா, சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா
கோகிலவாணி அருள்குமார்