ஓநாய்த் தலை

ஜூலை 14, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. டியூஷனில் இன்று இடைக்கால ஐரோப்பாவின் காட்டுக் கொள்ளையர்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வழிப்பறிக்குப் பயந்து சாலையோரக் காட்டையே வெட்டச் சொன்ன ராஜா. இங்கிலாந்தில் கோர்ட்டில் திரும்பத் திரும்பப் பெயர் கூப்பிடுவார்கள். வராதவன் சட்டத்துக்கு வெளியே. ‘ஓநாய்த் தலை’ என்று பட்டம். யாரும் கொல்லலாம். சோறு போட்டாலும் தண்டனை.

“பெத்தவங்க போட்டாலுமா, சயாமா?” பக்கத்து ஊர் மாவ்பியிலிருந்து வரும் பெண். இந்தப் பர்மாவில் டீச்சர் என்றால் சயாமாதான்.

“ஆமா, டீச்சர் போட்டாலும்!” என்றேன். எல்லோரும் சிரித்தோம். தொண்டை கட்டிவிட்டது. இஞ்சி வாங்கணும்.

ஜூலை 15, செவ்வாய்
மழை விட்டது. இஞ்சி மறந்தேன். டீக்கடை கோ தூன் பேப்பரை நீட்டினார். “இது உங்க அண்ணன்தானே, சயாமா?”

விளம்பரம். சொல்பேச்சு கேளாத மகன் குமாரை விலக்கிவிட்டோம், இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே அண்ணன் பெயர், அண்ணி பெயர். மூன்றாவது என் பெயர்!

டீ புடவையெல்லாம் கொட்டியது. கட்டாயப் பட்டாளத்துக்குப் பேர் வந்த பையன் ஓடிப்போனால் வீட்டுக்கு சீல். அதனால் தகப்பன்மார் முந்திக்கொண்டு இப்படிப் போடுவது இங்கே வழக்கம்தான். ஊரார் விளம்பரம் எத்தனை படித்திருக்கிறேன். ஆனால் குமார்! பள்ளிக்கூட வருஷமெல்லாம் என் வீட்டில் வளர்ந்தவன். என்னைக் கேட்காமலா?

அண்ணனுக்குப் போன். கண்டபடி திட்டினேன்.

“கத்தாத பாப்பா. அவன் பேர் உன் வீட்டுப் பதிவுலதானே இருக்கு, சீல் வெச்சா உனக்குத்தான். ஓடுறதுக்கு முன்னாடி விளம்பரம் போடச் சொன்னதே அவன்தான். அத்தை பேரையும் மறக்காம சேருங்கன்னான்.”

அங்கே ராஜா விலக்கினான். இங்கே பிள்ளை தன்னைத்தானே. நேற்று சிரித்த வாயை என்ன செய்வது.

ஜூலை 16, புதன்
டியூஷன் லீவு. சோறு இறங்கவில்லை.

மத்தியானம் வார்டு ஆபீஸ் ஆள். மரியாதையாகத்தான் பேசினார். “பேப்பர் பார்த்தோம். பையனோட தொடர்பு இல்லையே?”

இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து போன். தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினார்.

“அத்தை...” குமார். நல்ல இருமல்.

அவனிடம் ஒருநாளும் பேசாத பர்மா பாஷையில் சொன்னேன். “யாருங்க? ராங் நம்பர்.”

வைத்துவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

என் குரல் நடுங்கவே இல்லை.