கண்ணைத் திறந்து வைத்திருந்தவளுக்கு

இன்று காலை விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். சென்னைக்கு இறங்கத் தொடங்கும் நேரம். காதுக்கருவியில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. எங்கோ ஒரு சின்னப் பயிற்சி விமானத்தில் இருக்கிறாள். தடைசெய்யப்பட்ட பகுதியை நெருங்குகிறாய், உடனே இடப்பக்கம் திரும்பு என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவளை எச்சரித்தார்கள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. பேசும் பொத்தானை அழுத்திவிட்டு, வார்த்தை வராமல் இழுத்த மூச்சு. பிறகுதான் குரல் வந்தது, திரும்பிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் காதுக்கருவியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் பக்கத்திலிருந்த கேப்டன். ஒன்றுமில்லை சார் என்றேன்.

அந்த மாதிரி ஒரு மூச்சை நான் முன்பு ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அது உன்னுடையது.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருந்த பயிற்சிப் பள்ளியின் விடுதியில்தான் உன்னை முதலில் பார்த்தேன். வராந்தாவில் நின்று அம்மாவிடம் போனில், "இன்னாம்மா, சாப்ட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாய். "ஏய், நீ எந்த ஊருடீ?" பெரியபாளையம் பக்கம் என்றதும், "நான் கும்மிடிப்பூண்டி. இந்தி பேசிப் பேசி வாய் கோணிக்கினு கெடக்குது, வா" என்று கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போனாய். எனக்கு ஒரு வருடம் மூத்த மாணவி நீ. எங்கள் வீட்டில் நெல் விளையும் நிலம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, "எங்க தாத்தா உங்க மாதிரி ஆளுங்க நெலத்துலதான் கூலிக்கு நடவு நட்டாரு" என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். என்ன செய்வதென்று தெரியாமல் ஊறுகாய் பாட்டிலை உன் பக்கம் நகர்த்தினேன். நீ சிரித்த சிரிப்பில் சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது.

உன் அப்பா நீ பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் உன் அம்மா வேலை செய்தார். உதவித்தொகையில் படித்து உரிமம் வாங்கினாய். பெரிய விமான நிறுவனங்களில் வேலை கிடைக்கவில்லை. அதே பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்துகொண்டாய். அப்படித்தான் என் சிநேகிதி என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். வகுப்பில் உன்னை மேடம் என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிடும்போதெல்லாம் நீ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாய்.

அது தை மாதம். ஏரிகளெல்லாம் மழையில் நிரம்பிக் கிடந்தன. காலைப் பனியும் ஆலைப் புகையும் சேர்ந்து தரையை ஒரு சாம்பல் துணிபோல மூடியிருந்தன. திருவள்ளூர் வரை தெற்கே போய்விட்டுத் திரும்ப வேண்டும். எனக்கு அது கருவிப் பயிற்சி. தொப்பி மாதிரி ஒரு மறைப்பை நெற்றியில் மாட்டிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே இருக்கும் கருவிகள் மட்டும்தான் தெரியும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி ஓட்டுவது என்று பழகுவதற்காக. வெளியே பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

திரும்பும் வழியில் எனக்கு இன்னும் கொஞ்சம் கடினமாக்கினாய். ஒரு கருவியின் முகத்தில் தாள் ஒட்டி மூடினாய். "இது செத்துப்போச்சு. மீதியை வெச்சு ஓட்டு" என்றாய். நான் வட்டமடித்தேன், ஏறினேன், இறங்கினேன், உயரம் தப்பியது, பிடித்தேன். அந்த அவசரத்தில் ஒன்றைச் செய்யவில்லை. திசை காட்டும் கைரோ தன் போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்; அதை அவ்வப்போது காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. நீ என் கையையும் உயரத்தையுமே கவனித்துக்கொண்டிருந்தாய். கைரோவின் முள் வடக்கு என்றது. நாம் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

கீழே தண்ணீர் தெரிந்தபோது, கவரைப்பேட்டைப் பக்கத்து ஏரி ஏதோ என்று நினைத்தாய். ஆனால் அந்த ஏரி முடியவே இல்லை. அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது.

"தொப்பியைக் கழட்டு" என்றாய். கழற்றினேன். கீழே பழவேற்காடு. அதற்கு அந்தப் பக்கம், புகைக்குள், ராக்கெட் ஏவும் தீவு. அன்றைக்கு அந்த வானம் விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது என்று காலையில் நாம் இருவரும் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். வானொலியில் நம் விமானத்தின் எண்ணைச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நீ விமானத்தை உன் கைக்கு வாங்கிக்கொண்டு மேற்கே திருப்பினாய். தரை தொடும் வரை நீயே ஓட்டினாய். சக்கரம் நின்ற பிறகு, முதல் வேலையாக அந்தத் தாளைப் பிய்த்தெடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய்.

போலீஸ் வந்தது. விடுதி அறையைக் கிளறினார்கள், போனை வாங்கிப் பார்த்தார்கள். அதற்குள் உங்கள் காலனியில் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. ராக்கெட் தளத்தைப் படமெடுக்கப் போனாளாம், பிடித்து உள்ளே வைத்துவிட்டார்களாம். கேன்டீனில் சாம்பார் வாளியோடு நின்ற உன் அம்மாவிடமே ஒருத்தி கேட்டாளாம், "உன் பொண்ணை எந்த ஜெயில்ல வெச்சிருக்காங்க?" என்று. அதை என்னிடம் சொன்னபோதுதான் நீ அழுதாய். போலீஸ் முன்னால் அழவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் தலைமைப் பயிற்சியாளர் உன்னைக் கூப்பிட்டார். மாணவி நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடு, அவளுக்கு எச்சரிக்கையோடு போய்விடும், உனக்கு வேலை தப்பும் என்றாராம். நல்ல மனிதர்தான்; உன்மேல் இருந்த அக்கறையில் சொன்னார். விடுதிக்கு வந்து எனக்கு நீயே சொன்னாய். நான் பயந்துபோய், "அப்படியே சொல்லிடு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். எனக்குப் பின்னால் நிலம் இருந்தது, அப்பா இருந்தார். உனக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கைரோவைத் திருப்பி வைக்காதது நான்தான் என்று முதலில் சொன்னேன். நீ எழுந்து நின்றாய். பதற்றத்தில் உன் ஆங்கிலம் அறுந்துபோய், தமிழ் தெரிந்த அதிகாரியைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாய்:

"கண்ணைத் தொறந்து வெச்சுக்கினு இருந்தது நான்தான் சார். அவ கண்ணை மறைச்சதும் நான்தான். அவளை இன்னான்னு கேப்பீங்க?"

அந்த அதிகாரி அதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு எச்சரிக்கை. சில வாரங்களில் மறுபடி பறக்கத் தொடங்கினேன். உன்னைப் பல மாதங்களுக்குத் தரையில் நிறுத்திவைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினாய். மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாய். லீவு கிடைத்தபோதெல்லாம் உன்னைப் பார்க்க வருவேன். நீலச் சட்டையோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாய். தலையெல்லாம் இரும்பு வாசனை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டீ குடிப்போம். ஏதாவது விமானம் போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டாய். சத்தத்தை வைத்தே எந்த வகை என்று சொல்லிவிட்டு டம்ளருக்குள் பார்ப்பாய். "பேஜாரா இருக்குதாடீ?" என்று ஒருநாள் கேட்டேன். "தரை நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் நடக்க வரல" என்றாய்.

தடை முடியும் தறுவாயில் மருத்துவத் தகுதிச் சோதனைக்குப் போனாய். ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். கம்பெனியில் கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்குகிறது, கையில் காரணமில்லாமல் நீலத் திட்டு வருகிறது என்று அதற்குப் பிறகுதான் சொன்னாய். ரத்தப் புற்றுநோய். சென்னையில் சேர்த்தார்கள்.

எனக்கு வேலை கிடைத்த செய்தியை உன் கட்டிலருகே உட்கார்ந்துதான் சொன்னேன். உன் தலையில் முடி இல்லை. "யூனிஃபார்ம் போட்டுக்கினு வா" என்றாய். வேண்டாம் என்றேன். "எனக்குப் பாக்கணும்" என்றாய். மறுவாரம் போட்டுக்கொண்டு வந்தேன். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். நீ எழுந்து உட்கார்ந்து, என் தோள்பட்டையைச் சரிசெய்தாய், டையைக் கொஞ்சம் மேலே தள்ளினாய். விரல்கள் அவ்வளவு சூடாக இருந்தன. "கோணலாக் கட்டிக்கினு போனா கும்மிடிப்பூண்டி பேரு கெட்டுடும்" என்றாய். நான் பெரியபாளையம் என்றேன். "மேலயிருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

மறுபடி பறக்கலாம் என்ற உத்தரவு, நீ அங்கே படுத்திருக்கும்போது வந்தது. உன் அம்மாதான் போனைக் காதில் வைத்துக்கொடுத்தார். கேட்டுவிட்டு, "தப்பு தீந்துபோச்சாம்மா" என்றாயாம். அவ்வளவுதான். மறு வருடத்து ஆடி முடிவதற்குள் நீ இல்லை.

கும்மிடிப்பூண்டிக்கு நான் இப்போதும் போகிறேன். உன் அம்மா கேன்டீன் வேலையை விட்டுவிட்டார். போனவுடன் தட்டில் சோறு போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். இரண்டு மாதத்துக்கு முன், நான் எந்த நேரத்தில் அந்தப் பக்கமாகப் பறக்கிறேன் என்று கேட்டார். காலை விமானத்தைச் சொன்னேன். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த முறை போனபோது வாசலிலேயே நின்றிருந்தார். "பாத்தியாம்மா?"

"இன்னாம்மா?"

"மாடியில சேப்புப் பொடவை விரிச்சு வெச்சிருந்தேன். நாலு பக்கமும் கல்லு வெச்சு. நீ போறப்ப எங்க ஊடு எதுன்னு தெரியட்டுமேன்னு."

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் அதை நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உன்னைப் பெற்றவளிடம், உன் வீட்டு வாசலில் நின்று, பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"மேகமா இருந்துச்சும்மா. தெரியல."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, போவட்டும். மேகம் இல்லாத நாளா சொல்லு. மறுபடியும் போடறேன்."

இன்றைக்கும் மேகம்தான். நாளை மறுநாள் எனக்கு மறுபடி அந்த வழி. வானம் தெளிவாக இருக்கும் என்கிறார்கள். உன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.