செஞ்சியில் மேலே ஏறிப் போன அக்காவுக்கு

அக்கா,

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று மேலே எழுதி, கீழே வரிசையாக வண்ணப் படங்கள். மண்டகப்பட்டுக் குகைக் கோயில், பனமலை, திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள், செஞ்சிக் கோட்டை. திண்டிவனம் பஸ்ஸுக்காக அந்தப் பலகையின் நிழலில் ஒதுங்கினேன். பக்கத்தில் பூக்காரம்மாவின் கூடை நிறைய மரிக்கொழுந்து. அந்த வாசனையும் அந்தப் படங்களும் ஒன்றாக வந்து மோதின. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஊருக்கு அவை சுற்றுலாத் தலங்கள். உன்னைப் பெண் பார்க்கவென்று கூட்டிப் போய் நிறுத்திய இடங்கள் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உனக்கும் எனக்கும் தெரியும். அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன மாசியில் நீயும் போய்விட்டாய். இப்போது இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நீ உயரம். அப்பாவைவிட உயரம், ஓமந்தூர்ப் பக்கத்தில் நம் சொந்தக்கார ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேரைவிட உயரம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, கல்யாண வீட்டுப் போட்டோவில் கடைசி வரிசை. தெருப் பிள்ளைகள் உன்னைப் பனமரம் என்றார்கள். நீ வாசப்படி தாண்டும்போது மட்டுமல்ல, வெட்டவெளியிலும் தலையைக் குனிந்தே நடந்தாய். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, "கொஞ்சம் எழுந்து நில்லும்மா" என்று சொல்கிற வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போகும். நீ எழுந்து நின்றதும் அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போய் வந்த ஒரு சாயங்காலம், சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார். "வூட்டுக்குள்ள நிக்க வெச்சா உத்தரத்துல இடிக்கிற மாதிரி தெரியுது. மலை பக்கத்துல கூட்டிக்கினு போய் நிறுத்துவோம். மலைக்கு முன்னாடி எவ ஒசரமாத் தெரிவா? தட்டிப் போனாலும் கோயிலு பாக்கப் போனோம்னு சொல்லிக்கலாம். தெருவுக்குத் தெரியாது."

அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள், "மண்டகப்பட்டுல பெரிய பெரிய காவக்கார சிலை இருக்குதாமே" என்றாள். என்ன செய்வது, அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. கோயிலில் யதேச்சையாகச் சந்திப்பது போல இரண்டு வீட்டாரும் பெண் பார்ப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. ஆனால் பெண்ணைக் குள்ளமாகக் காட்டுவதற்கென்று பல்லவர் காலத்துக் கோயிலைத் தேடிப் போன குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் அம்மா செய்யும் ஏற்பாடுகள் உனக்கு நினைவிருக்குமே. கொண்டை கூடாது, படிய வாரிய பின்னல். மரிக்கொழுந்து வைத்த கதம்பம் கழுத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தலைக்கு மேல் ஏறக் கூடாது. கால் செருப்பைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட வேண்டும், அந்த ஒரு விரல் உயரம்கூட ஆகாது. எனக்கும் ஒரு கட்டளை உண்டு. நான் குள்ளம். "நீ அவ பக்கத்துல நிக்காத, நின்னா அவ இன்னும் ஒசரமாத் தெரிவா" என்பார் அப்பா. துணைக்கென்று உன்னோடு வந்த நான் எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்துதான் உன்னைப் பார்த்தேன்.

மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்த அந்த வாசலுக்கு இரண்டு பக்கமும் கனத்த உடம்போடு துவாரபாலகர்கள். ஒருவர் பக்கத்தில் உன்னை நிறுத்தினார்கள். உள்ளே கருவறை காலி, சாமியே இல்லை. கும்பிடுவதற்கு எதுவும் இல்லாமல் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பாவின் கணக்குத் தப்பவில்லை. அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நீ சின்னப் பெண்ணாகத்தான் தெரிந்தாய். காணையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. திரும்பும்போது அந்தப் பையன் உன் பக்கமாக நடந்து வந்தான், அதோடு போயிற்று. அவன் அம்மா தரகரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பொண்ணு லட்சணமாத்தான் கீது. எங்க பையன் காலம் பூரா அண்ணாந்து பாத்துக்கினு குடும்பம் நடத்த முடியுமா?"

பனமலையில் படிகளை நம்பினார் அப்பா. நீ இரண்டு படி கீழே, அவர்கள் மேலே. வெயிலில் அவர்கள் பேசி முடிக்கிற வரையில் நீ அசையாமல் நின்றாய். நான் சும்மா இருக்காமல் சுற்றிவந்து பக்கத்துச் சின்னச் சன்னதிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் பாதி அழிந்துபோன ஒரு பெண் ஓவியம், தலைக்கு மேலே குடை, ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கிறாள். உன்னை ஓடிவந்து கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிட முடியவில்லை. அங்கேயும் கூடிவரவில்லை.

திருவக்கரையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கல்லாகிப் போன பெரிய பெரிய மரங்கள் இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, அவை தோப்பு மாதிரி வானத்துக்கு நிற்கும் என்று அப்பா நினைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் அத்தனையும் செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன! நிற்பது நீ ஒருத்திதான். அப்பா முகத்தைப் பார்த்து நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய், நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஆனால் சிரிப்பு அங்கேயே முடிந்தது. வந்திருந்த அம்மாள் உன்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள். "சின்னதக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், இன்னும் ஒரே ஒரு இடம் பார்ப்போம், அதுவும் தட்டிப் போனால் சின்னவளுக்கு முடித்துவிடுவோம் என்று. அதன் பொருள் நம் இருவருக்கும் தெரியும். மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் மூத்தவளுக்கு என்ன குறையோ என்று ஊர் பேசும், அப்புறம் உனக்கென்று ஒரு காக்காயும் வந்து கத்தாது. அன்றைக்கு நீ சோறு சாப்பிட்டாய். எனக்குத்தான் இறங்கவில்லை.

அந்தக் கடைசி இடம் செஞ்சி. ராஜகிரி மலையடியில் கல்யாண மகால் என்று ஒரு கட்டடம் இருப்பதைக் கேட்டதும் அப்பா அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் குடும்பம். கரும்பு, நெல், சொந்த போர்செட். பையனும் பார்க்க மரியாதையாகத்தான் இருந்தான். பின்னால் மலை, முன்னால் ஏழு மாடியாக எழும்பி நிற்கும் மகால். நடுவில், வெறுங்காலோடு, நீ.

அவர்கள் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். அதைத்தான் நான் மறக்கவே மாட்டேன் அக்கா. மறுத்திருந்தால் எல்லாம் பழையபடிதான் நடந்திருக்கும். "எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்று பையனின் அம்மா சொன்னதும் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மலை மேலிருந்த கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். பையனின் அம்மா எழுந்து உன் பக்கத்தில் வந்து, பிடரியில் கையை வைத்து, மெல்லக் கீழே அழுத்தினாள். கோபமாக இல்லை, பிரியமாகவே சொன்னாள். "நாலு பேருக்கு முன்னாடி இப்படியே கொஞ்சம் குனிஞ்சாப்புல இருந்துக்கோம்மா. போகப் போகப் பழகிடும்."

பையன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ அந்தக் கைக்குக் கீழே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். பிறகு அந்தக் கையைப் பிடித்து மரியாதையாக எடுத்து அவரிடமே விட்டாய். "நான் மேல ஏறிப் பாத்துட்டு வர்றேங்க" என்றாய். நாலு படி ஏறிவிட்டு வருவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். நீ திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தபோதுதான் அவர் குரல் மாறியது. "ஏ சின்னவளே, போ, ஜல்தி கூட்டிக்கினு வா!"

கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் உன்னைப் பிடித்தேன். பாறை கொதித்தது. என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், உன் பாதி பாதம்கூட அதற்குள் அடங்கவில்லை. "அப்பா கூப்புடுறாருக்கா" என்றேன். "தெரியும்" என்றாய். அதற்குமேல் என்னாலும் கூப்பிட முடியவில்லை. உன் பின்னாலேயே ஏறினேன். குரங்குகள் வழி மறித்தன, பிளவுக்கு மேலே போட்டிருந்த பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு உன் முந்தானையைப் பிடித்து நடந்தேன். உச்சியில் காற்று உன் பின்னலை அவிழ்த்துப் போட்டது. கீழே அந்த மகால் ஒரு செங்கல் அளவுக்குத் தெரிந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"சம்மதம்னுதானேக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

நீ அழுதுகொண்டிருந்தாய். "அந்தக் கை ரொம்பக் கனமா இருந்துச்சுடி" என்றாய். "கொஞ்ச நேரத்துக்கே முடியல."

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாய். "இத்தினி எடம் வந்துட்டோம், ஒண்ணயாவது பாத்தோமா? வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, பாழடைந்த களஞ்சியம், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தோம். சுவர் மேலே கையை ஊன்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாய். எனக்கு எட்டவில்லை. அங்கே என்ன தெரிகிறது என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய்.

இறங்கி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அப்பா அடிப்பார் என்று பயந்தேன். அவர் அடிக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நமக்கும் அம்மாவுக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்காமல் நின்றார். "பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நீ கொப்புளம் வந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சின்னவளுக்குப் பாருங்கப்பா" என்று மறுநாள் நீயாகவே போய் அவரிடம் சொன்னாய்.

என் கல்யாணத்தில் நீதான் பந்தி பரிமாறினாய். மூத்தவளுக்கு என்ன குறையோ என்று பந்தியில் பேசினார்கள். உனக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இலைக்கு இலை நிமிர்ந்து நடந்தாய், அதுதான் அவர்களுக்கு இன்னும் எரிந்தது. பிறகு விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. அறை எடுத்துத் தங்கினாய். கல்யாணம் என்ற பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. நீ சந்தோஷமாக இருந்தாயா என்று நான் நேராகக் கேட்டதில்லை. சில பண்டிகை நாட்களில் நீ சீக்கிரமே கிளம்பிப் போவாய். தனியாக இருந்த வருத்தம் உனக்கு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும்.

ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கட்டுச்சோற்றோடு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். மண்டகப்பட்டுக்குப் போனோம், பனமலைக்குப் போனோம். சுவரில் இருந்த அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து பட்டாணி தின்றபடி, "இவளும் என்னாட்டம் ஒசரந்தான், காலை மடக்கி நிக்க வெச்சுட்டானுங்க" என்றாய். அப்பாவையும் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாய். "பாத்ததெல்லாம் போதும்மா" என்பார். கடைசி வரைக்கும் வரவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் திண்டிவனத்துக்கு, என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். வெளியூர்க்காரர்கள் வந்து சேர மறுநாள் ஆகும் என்று ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். பெட்டி வந்தது. உன்னைத் தூக்கி வைத்தார்கள். மூடியைச் சாத்த முடியவில்லை, உன் கால் இடித்தது. பெட்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "முட்டியக் கொஞ்சம் மடக்கி வெச்சா சரியாயிடும். துணி போத்திட்டா தெரியாது" என்றார். என் வீட்டுக்காரரின் அண்ணன், "ஆமாமா, ஆவுற வேலையப் பாருங்க" என்று உன் காலைப் பிடித்தார்.

"மடக்காதீங்க!"

கத்தியது நான்தான் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. புகுந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் பெரியவர்கள் எதிரில் நான் குரல் உயர்த்தியதே இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். கையை எடுத்துவிட்டேன். பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கூடத்தில் நீள பெஞ்சைப் போடச் சொல்லி, மீன் மார்க்கெட்டிலிருந்து பனிக்கட்டிப் பாளம் வாங்கிவரச் செய்தேன். விடிய விடியத் தண்ணீர் வழிந்தது, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ முழு நீளத்துக்குப் படுத்திருந்தாய். தெருவே வந்து பார்த்தது.

உன் புடவைகளைச் சொந்தக்காரப் பெண்கள் பகிர்ந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். என் பங்கு அந்தக் கூடத்திலேயே என் கைக்கு வந்துவிட்டது அக்கா. அதற்குப் பிறகு என் வீட்டில் யாரும், என்னையோ என் மருமகளையோ, எதற்காவது குனிந்து போகச் சொன்னால், அன்றைக்குக் கூடத்தில் கத்திய அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்து தானாக எழுந்து வருகிறது. அது உன்னுடையது. என்னிடம்தான் இருக்கிறது.